மூன்று நெல் ரகங்களின் இலை விதானத்தை அளந்து பார்த்தேன்

ஒரே மண், ஒரே நாளில் நடவு, ஒரே இடைவெளி. ஆனாலும் ஒரு ரகம் சீக்கிரமே தரையை மூடிவிடுகிறது. பக்கத்துத் தொட்டியில் குத்துகளுக்கு (நாற்று நட்ட இடங்களுக்கு) நடுவே சேறு தெரிந்துகொண்டே இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் வெயிலும் பொதுவாக இருந்தால், வித்தியாசம் விதையிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் விதையிலிருக்கும் எந்தக் குணத்திலிருந்து? இலைகள் அடுத்தடுத்து வேகமாக வருவதாலா, தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டு, நிறையக் கட்டுவதாலா, இலை பெரிதாக இருப்பதாலா, இல்லை இலை சாய்ந்து விழுவதால் மட்டும் மூடியதுபோலத் தெரிகிறதா? கையில் கிடைக்கும் கருவிகளை வைத்து இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். அதன் பதிவு இது.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் உண்டு. சேற்றில் விழும் வெயில் பயிருக்கு நஷ்டம், களைக்கு லாபம். நடவு முடிந்த முதல் சில வாரங்களில் எந்த ரகம் தரையை முந்தி மூடுகிறதோ, அது தன் களையைத் தானே அடக்குகிறது. ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளைச்சல், வயது, அரிசித் தரம் எல்லாம் பேசுகிறோம். இலை மூடும் வேகத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

எடுத்துக்கொண்டது மூன்று ரகம். ஒன்று ஐஆர்64, நிமிர்ந்த இலையும் நிறையத் தூரும் உள்ள குட்டை ரகம். இன்னொன்று ஜப்பானின் நிப்பான்பாரே. நெல்லின் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது அடிப்படையாக வைத்த ரகம். மூன்றாவது, நீளமான தொங்கும் இலைகளோடு இடுப்புக்கு மேல் வளரும் ஒரு பழைய நெட்டை ரகம். பதிவு முழுக்க அதை நெட்டை என்றே சொல்கிறேன்.

ஒற்றைச் செடியைத் தனித் தொட்டியில் வைத்து விதானத்தை, அதாவது இலைகள் சேர்ந்து மேலே போடும் பந்தலை, அளப்பதில் பயன் இல்லை. தனியாக நிற்கும் நெல் எல்லாப் பக்கமும் வெயில் வாங்கிக்கொண்டு விரிந்து வளரும். வயலில் நெருக்கத்தில் நிற்கும்போது அதே செடி வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் 60 செ.மீ. சதுரத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 செ.மீ. இடைவெளியில் 9 குத்து, குத்துக்கு ஒரே நாற்று. படத்திலிருந்து நடுவிலுள்ள 40 செ.மீ. சதுரத்தை மட்டும் கணக்கில் எடுத்தேன். ஓரத்துச் செடிகள் காவலுக்கு. சுவர்ப்பக்கம் நிழல் முந்தி விழும் என்பதால், சுவரிலிருந்து ஒரே தூரத்திலுள்ள தொட்டிகளை ஒரு வரிசையாக்கி, ஒவ்வொரு வரிசையிலும் மூன்று ரகமும் வருமாறு வைத்தேன். வரிசைக்குள் எது எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தேன். இதைச் செய்யாவிட்டால் நிழலின் வேலையை மரபணுவின் வேலை என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.

விதையிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் இலை விரியும் வரை நாற்று பெரும்பாலும் விதையிலுள்ள சேமிப்பில்தான் வாழ்கிறது. கனமான விதை என்றால் முதல் இலைகளும் பெரிதாக வரும். அது ரகத்தின் வளர்ச்சி வேகம் அல்ல, தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு. உப்புக் கரைசலில் போட்டு மிதந்ததை நீக்கினேன். மூழ்கியதிலும் அந்தந்த ரகத்துக்குள் ஒத்த எடையுள்ள விதைகளை எடுத்துக்கொண்டேன். ரகங்களுக்கு நடுவே விதை எடையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதனால் மூன்றாம் இலை வரையிலான வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை இலை எண்ணுவது. கேட்க எளிதாக இருக்கும். தூர் கட்டத் தொடங்கியதும் எது தாய்த்தண்டு என்றே தெரியாமல் போகும். அதனால் தாய்த்தண்டின் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது இலை நுனியருகே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். அடி இலை காய்ந்து விழுந்தாலும் கணக்கு தப்பாது. ஏழாம் இலை பாதி வெளியே வந்திருந்தால் இலை வயது 6.5 என்று எழுதுவது வழக்கம். இப்படி எழுதினால் இரண்டு ரகங்களுக்கு இடையே அரை இலை வித்தியாசம்கூடப் பிடிபடும்.

இங்கே கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஏழாம் இலையின் நுனி ஊசிபோல் வெளியே வரும் சமயத்தில், கீழே நான்காம் இலையின் உறையை விரல் நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள். உறைக்கும் தண்டுக்கும் நடுவே வெளிர்பச்சையாக ஒரு சின்ன முனை எட்டிப்பார்க்கும். அதுதான் புதுத் தூரின் முதல் இலை. எட்டாம் இலை வரும்போது ஐந்தாம் இலைக் கக்கத்திலிருந்து அடுத்த தூர். புது இலையின் எண்ணிலிருந்து மூன்றைக் கழித்தால் தூர் வரும் இடம் கிடைத்துவிடும். கடயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் விவரித்த ஒழுங்கு இது; மூன்று ரகத்திலும் அப்படியே இருந்தது. இலை வேகமும் தூர் வேகமும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன என்பது இதைப் பார்த்தபின் சந்தேகமில்லாமல் புரியும்.

அப்படியானால் ரகத்துக்கு ரகம் தூர் எண்ணிக்கை ஏன் மாறுகிறது? கடிகாரம் வாய்ப்பை மட்டும்தான் கொடுக்கிறது. எந்த மொட்டு விழிக்கும், எது தூங்கிப்போகும் என்பது ரகத்தைப் பொறுத்தது, பிறகு தழைச்சத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்தது. ஐஆர்64-இல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஏறக்குறைய தூர் வந்தது. நெட்டையில் மேல் கணுக்களின் மொட்டுகள் பல அப்படியே நின்றுவிட்டன. மொட்டு உருவாவதையே கட்டுப்படுத்தும் மோக்1 என்ற மரபணு நெல்லில் 2003-இல் அடையாளம் காணப்பட்டது. அது செயலிழந்த செடியில் ஒற்றைத் தண்டுதான் நிற்கும். சாதாரண ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு அவ்வளவு முரட்டுத்தனமானது அல்ல. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்யும் வேலை அது.

இலை வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த வாரத்தில் இலை தாமதமாகும், வெயில் வாரத்தில் முந்தும். நாள்கணக்கில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு நாளும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையின் சராசரியிலிருந்து 10 பாகை கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வந்து, அந்தக் கூட்டுத்தொகைக்கு எதிரே இலை வயதை வரைந்தேன். கோடு கிட்டத்தட்ட நேராக வந்தது. நெல்லில் வளர்ச்சிப் பருவத்தில் சுமார் 4, 5 நாளுக்கு ஓர் இலை, கதிர் உருவாகத் தொடங்கியபின் 7, 8 நாளுக்கு ஓர் இலை என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கோட்டிலும் பிற்பகுதியில் அந்த வளைவு தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் படம் எடுக்கும் வேலை. பிளாஸ்டிக் குழாயில் ஒரு தலைகீழ் 'L' வடிவத் தாங்கி செய்து, அதில் கைபேசியைத் தரையைப் பார்த்தபடி மாட்டினேன். மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, கேமரா சரியாகக் கீழ்நோக்கி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது அவசியம். கொஞ்சம் சாய்ந்தால்கூட இலையின் பக்கவாட்டு முகம் படத்தில் விழுந்து பச்சை கூடிவிடும். செடி உயர உயரக் கேமராவுக்கு நெருங்கும். நெருங்கினால் பெரிதாகத் தெரியும். அதனால் செடி வளர்ந்த அளவுக்குத் தாங்கியையும் உயர்த்தி, விதானத்துக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டேன். நெட்டைக்கு இதைச் செய்யாவிட்டால் அது காரணமில்லாமல் ஜெயிக்கும்.

நேரம் காலை. உச்சிவெயிலில் இலைகள் லேசாகச் சுருள ஆரம்பிக்கும், பளபளப்பால் சில இடங்கள் வெள்ளையாகிவிடும். மேகம் மூடிய காலை கிடைத்தால் மிக நல்லது. ஒளி அளவையும் வெண்மைச் சமநிலையையும் பூட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

பெரிய தொல்லை பாசி. தண்ணீர் தேங்கிய தொட்டியில் பச்சைப்பாசி படர்ந்தால் கணினிக்கு அதுவும் இலைதான். தண்ணீரை வடித்தாலும் சேற்றின்மேல் ஒரு பச்சைப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். நீல நிறக் கெட்டியான பிளாஸ்டிக் தாளைப் பட்டைபட்டையாக வெட்டி, படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் வரிசைகளுக்கு நடுவே செருகினேன். பாசி மறைந்தது, கூடவே பின்னணி ஒரே நிறமானதால் பச்சையைப் பிரிப்பதும் சுலபமானது. தூர் நெருங்கியபின் பட்டையைச் செருகும்போது இலை முறியாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும்.

பச்சையைப் பிரிப்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒவ்வொரு புள்ளியிலும் பச்சை மதிப்பை இரண்டால் பெருக்கி, சிவப்பையும் நீலத்தையும் கழிப்பது. இலை இருக்கும் இடத்தில் விடை மேலே போகும், நீலத் தாளில் கீழே இறங்கும். எந்த மதிப்புக்கு மேல் இலை என்று பிரிக்கும் எல்லையை ஓட்சு 1979-இல் தந்த முறை தானாகவே கண்டுபிடித்துக் கொடுக்கும். பைத்தான் என்ற நிரல்மொழியில் சில வரிகள் போதும். பழுத்த இலை இதில் விழாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். படத்தில் வருவது பச்சை இலையின் கணக்கு மட்டுமே.

படங்களின் முடிவு முதல் வாரங்களிலிருந்தே தெளிவாக இருந்தது. நெட்டை முதலில் மூடியது, அதுவும் நல்ல இடைவெளியில். ஐஆர்64 பின்னால், நிப்பான்பாரே கடைசி. இதோடு நிறுத்தியிருந்தால், நெட்டைக்கு விதான வளர்ச்சி அதிகம் என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். ஆனால் மேலிருந்து தெரியும் பச்சையும் இலைப் பரப்பும் ஒன்றல்ல. இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஒளி விதானத்துக்குள் எப்படிக் குறைகிறது என்பதை மோன்சி, சாயேகி என்ற இருவரும் 1953-இல் ஒரு சமன்பாடாகக் கொடுத்தார்கள். தரைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு இலைப் பரப்பு இருக்கிறது என்பது இலைப்பரப்புக் குறியீடு. அதை ஒளிமறைப்புக் கெழு என்ற எண்ணால் பெருக்கினால், ஒளி எந்த அளவுக்கு அடுக்குவீதத்தில் குறையும் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்த இலை என்றால் கெழு 0.4 அளவில், சாய்ந்த இலை என்றால் 0.7 அளவில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இலைப்பரப்புக் குறியீடு 2 என்றே கொள்வோம். நிமிர்ந்தது 55 சதவீதம் மூடும், சாய்ந்தது 75 சதவீதம் மூடும். இலை ஒரு சதுர சென்டிமீட்டர்கூட அதிகம் இல்லை, சாய்வு மட்டுமே இந்த 20 சதவீதத்தைக் கொடுக்கிறது.

அதனால் வெட்டிப் பார்த்தே ஆகவேண்டும். இதற்கென்று ஒதுக்கியிருந்த தொட்டிகளின் நடுக்குத்தை அடியோடு வெட்டினேன். வெட்டிய இலை சில நிமிடங்களில் சுருண்டுவிடும். ஈரத்துணியில் சுற்றிவைத்து ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். நீளம், அதிகபட்ச அகலம் இரண்டையும் அளந்து, பெருக்கி, 0.75-ஆல் பெருக்குவது நெல்லுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் முறை. 30 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் உள்ள இலை என்றால் 22.5 சதுர செ.மீ. எல்லாவற்றையும் கூட்டி, ஒரு குத்துக்கு உரிய தரையான 400 சதுர செ.மீ.ஆல் வகுத்தால் குறியீடு கிடைத்துவிடும். சில இலைகளைக் கண்ணாடித் தட்டின்கீழ் விரித்து வருடியிலும் படமெடுத்து ஒப்பிட்டேன். வளர்ந்த இலைகளுக்கு 0.75 நன்றாகவே பொருந்துகிறது. நாற்றுப் பருவத்துக்கு அது கொஞ்சம் கூடுதல். அந்தப் பருவத்துக்கு 0.67 என்று எடுத்துக்கொள்வதுண்டு.

வெட்டிப் பார்த்ததில் கதை மாறியது. படத்தில் நெட்டைக்கு இருந்த முன்னிலையில் பெரும்பகுதி இலைச் சாய்வால் வந்தது. இலைப் பரப்பில் அது முன்னே இருந்தது உண்மைதான், ஆனால் படம் காட்டிய அளவுக்கு இல்லை. தூர் கட்டும் பருவத்தின் பிற்பகுதியில் ஐஆர்64 இலைப் பரப்பில் எட்டிப்பிடித்து முந்தியது. அப்போது நெட்டையின் அடி இலைகள் நிழலில் பழுக்க ஆரம்பித்திருந்தன. மேலிருந்து எடுத்த படத்தில் அது கொஞ்சமும் தெரியவில்லை. விதானம் மூடியபின் மேலே மேலே வரும் இலைகளைப் படத்தால் எண்ண முடியாது.

மேலே போட்ட கணக்கையே இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் புரியும். விழும் ஒளியில் 95 சதவீதத்தைப் பிடிக்க, கெழு 0.7 உள்ள ரகத்துக்குக் குறியீடு 4.3 போதும். 0.4 உள்ளதற்கு 7.5 வேண்டும். அப்படியானால் நிமிர்ந்த இலை மோசமா? தொடக்கத்தில், களையோடு போட்டி நடக்கும்போது, ஆமாம். விதானம் நிரம்பியபின் நிலைமை தலைகீழ். நிமிர்ந்த இலை வெளிச்சத்தைக் கீழ் அடுக்குவரை பங்கிட்டு அனுப்புகிறது. சாய்ந்த இலை உச்சியிலேயே தேவைக்கு மேல் வாங்கி வைத்துக்கொள்கிறது. 1966-இல் வெளியான ஐஆர்8-க்குப் பின் வந்த குட்டை ரகங்கள் நிறையத் தழைச்சத்தைத் தாங்கி விளைந்ததில் சாயாத தண்டுக்கு எவ்வளவு பங்கோ, நிமிர்ந்த இலைக்கும் அதில் நல்ல பங்கு உண்டு.

மரபணுப் பக்கம் தெரிந்ததையும் என் தொட்டிகளோடு சேர்த்துச் சொல்கிறேன். குட்டைத்தனத்துக்குக் காரணமான எஸ்டி1, ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் நொதிக்கான மரபணு. முதல் குரோமோசோமில் இருக்கிறது. தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தில் இதன் டிஎன்ஏவில் 383 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. இது 2002-இல் கண்டறியப்பட்டது. ஐஆர்8 அந்த ரகத்துக்கும் இந்தோனேசியாவின் பீட்டாவுக்கும் பிறந்தது. தூர்கள் எவ்வளவு விரிந்து நிற்கும் என்பதில் டேக்1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. ஜப்பானிய ரகங்கள் பலவற்றில் அதன் செயல் குறைந்த வடிவம் இருப்பதால் தூர்கள் ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றன. என் நிப்பான்பாரே குத்துகளும் கையால் சேர்த்துப் பிடித்தது மாதிரி இறுக்கமாக நின்றன. படத்தில் அது பின்தங்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். இலை அகலத்தில் நால்1 முக்கியமானது. அதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது: டக்கனாரி ரகத்திலுள்ள அதன் ஒரு வடிவம் இலையைத் தடிமனாக்கி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது; வேறொரு வடிவம் கண்ணாடி இலையை (கதிருக்கு முன் வரும் கடைசி இலையை) அகலமாக்குகிறது. அதனால் பரப்பு பெரிது என்பதாலேயே இலை நல்லது என்று சொல்லிவிட முடியாது. வெட்டிய இலைகளை உலர்த்தி எடைபோட்டு, பரப்பை எடையால் வகுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்று ரகத்தை வைத்துக்கொண்டு இது இந்த மரபணுவின் வேலை என்று அடித்துச் சொல்ல வழியில்லை. மூன்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான இடங்களில் வேறுபாடு இருக்கும். அதற்கு இரண்டு ரகத்தைக் கலந்து, அந்தச் சந்ததியில் பிரியும் குணங்களைத் தொடரவேண்டும். இல்லையென்றால் 89 நாடுகளிலிருந்து திரட்டி 2014-இல் மரபுத்தொகுதி வெளியிடப்பட்ட 3,000 நெல் வகைகள் போன்ற பெரிய தொகுப்பு வேண்டும். தொட்டியில் செய்யக்கூடியது வேறொன்று: எந்தக் குணத்தில் ரகத்தின் முத்திரை அழுத்தமாக விழுகிறது, எது சூழலுக்கு வளைந்துகொடுக்கிறது என்று பார்ப்பது. ஒரே ரகத்தின் தொட்டிகளுக்குள் உள்ள சிதறலை ரகங்களுக்கு இடையிலான இடைவெளியோடு ஒப்பிட்டேன். இலை வயது ஒரே ரகத்தின் தொட்டிகளுக்குள் ஏறக்குறைய அச்சாக ஒத்துப்போனது. இலைக் கோணமும் அப்படித்தான். தூர் எண்ணிக்கை சுவர்ப்பக்கத்துத் தொட்டிகளில் சட்டென்று குறைந்தது. மூடுபரப்பு தூரைப் பின்தொடர்ந்து ஆடியது. ஆகவே ரகங்களைச் சீக்கிரம் தரம்பிரிக்க வேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது இலை வயதும் கோணமும்தான். கோணத்துக்கு ஒரு பாகைமானி போதும். மேலிருந்து இரண்டாவது முழு இலை தண்டோடு சேரும் இடத்தில் ஒருமுறை, நுனி எங்கே தொங்குகிறது என்று இன்னொருமுறை.

விதானம் மூடியபின் உள்ளே எவ்வளவு ஒளி போகிறது என்று கைபேசியின் ஒளி அளவியை வைத்தும் பார்த்தேன். ரகத்தோடு ரகத்தை ஒப்பிட உதவும், ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. லக்ஸ் அளவி மனிதக் கண்ணுக்கு ஏற்றது, பச்சைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். இலை வழியாகக் கசிவது பெரும்பாலும் பச்சை ஒளிதான். அதனால் கீழே இருப்பதைவிட அதிக ஒளி இருப்பதாகக் காட்டும்.

கடைசியாக நிப்பான்பாரே. படத்திலும் வெட்டிப் பார்த்ததிலும் அதற்குத்தான் மிகச் சிறிய விதானம். ஆனால் இலை வயதுக் கோட்டில் அது மற்ற இரண்டைவிட மந்தமாக இல்லை. பிறகு காரணம் புரிந்தது. நெல் குறும்பகல் தாவரம், பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும். நிப்பான்பாரே நீண்ட பகலுள்ள கோடையில் வளரும் ரகம். பகல் 12 மணி நேரத்தை ஒட்டிய பருவத்தில் நட்டதால் சில இலைகளிலேயே கதிருக்குத் தயாராகி, கண்ணாடி இலையை விட்டுவிட்டது. அதன்பின் புது இலை இல்லை, புதுத் தூரும் இல்லை. வேகம் குறையவில்லை, காலம்தான் குறைந்தது. விதான வேறுபாட்டை அளப்பவர்கள் பூக்கும் நாளைக் கூடவே எழுதாவிட்டால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

அதைச் சோதிக்க அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டேன். நிப்பான்பாரே தொட்டிகளில் பாதிக்கு மட்டும் நடுஇரவில் கொஞ்ச நேரம் மங்கலான விளக்கு எரிகிறது. இரவு துண்டுபட்டால் குறும்பகல் தாவரம் பூப்பதைத் தள்ளிப்போடும். விளக்கின் வெளிச்சம் மற்ற பாதிமேல் விழாதபடி நடுவே கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். விளக்கில்லாத பக்கம் கண்ணாடி இலை வந்துவிட்டது. விளக்குள்ள பக்கம் இன்னும் புது இலை வந்துகொண்டிருக்கிறது, மூன்று எண் கீழே தூரும் வருகிறது. இந்தத் தொட்டிகளின் மூடுபரப்பை ஐஆர்64-இன் அதே இலை வயதுப் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். தூர் ஒட்டி நிற்பதால் வந்த பின்னடைவு எவ்வளவு, சீக்கிரம் பூத்ததால் வந்தது எவ்வளவு என்று அப்போது தனித்தனியாக எழுத முடியும்.